486-க்குப் புது மவுஸ்: நாளாந்தப் பாவனையில் எப்படி?

உவர்மலையில் மாமாவின் அச்சகத்தில் இன்னும் ஒரு 486, அதாவது தொண்ணூறுகளின் பழைய கணினி, ஓடுகிறது. விண்டோஸ் 3.1, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர். அதைத் தூக்கிப் போடாததற்குக் காரணம் பழைய கல்வெட்டுகள், அதாவது இறந்தவர் நினைவாக அச்சிடும் புத்தகங்கள். "அப்பாவுக்கு அடிச்சதையே திருத்தித் தாங்கோ" என்று ஆட்கள் வருவார்கள். அந்தக் கோப்புகளைப் புதிய கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் கலைந்துவிடும்.

மெஷினுக்கு ஒன்றுமில்லை, உருண்டை மவுஸ்தான் தொல்லை. கடதாசித் தூசியும் கைவியர்வையும் உள்ளே உருளைகளில் கருப்பாகச் சுற்றிக்கொள்ளும். நகத்தால் சுரண்டினால் கொஞ்ச நாள் ஓடும்.

புது யூஎஸ்பி மவுஸைப் பழைய கணினியில் செருகக் கடைகளில் கிடைக்கும் பச்சை அடாப்டரை நம்பாதீர்கள். அதற்குள் வெறும் கம்பி இணைப்புத்தான். மவுஸுக்கே பிஎஸ்/2 (பழைய வட்டத் துளை) முறை தெரிந்திருந்தால்தான் அது உதவும். எங்கள் மெஷினிலோ பிஎஸ்/2 துளையே இல்லை, 9 பின் சீரியல்தான். கடைசியில் ராஸ்பெரி பை பிகோ என்ற சின்னக் கணினிப் பலகையும், சீரியல் போர்ட்டுக்கு ஏற்ப மின்னழுத்தத்தை மாற்றும் மேக்ஸ்3232 சிப்பும் வைத்த அடாப்டர் ஒன்றைப் போட்டோம். யூஎஸ்பி மவுஸ் சொல்வதை வாங்கி, பழைய மைக்ரோசாஃப்ட் சீரியல் மவுஸ் போலப் பேசும்.

பழைய மவுஸ், சீரியல் போர்ட்டின் சிக்னல் கம்பிகளிலிருந்தே சில மில்லியாம்பியர் எடுத்து ஓடிவிடும். யூஎஸ்பி மவுஸுக்கு அது காணாது. அதனால் ஃபோன் சார்ஜர் ஒன்று தேவை, அதையும் முதலே போட்டிருக்க வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போது மவுஸ் டிரைவர், சீரியல் போர்ட்டின் ஆர்டிஎஸ் என்ற சிக்னல் கம்பியைத் தட்டிப் பார்க்கும். உடனே 'எம்' என்ற எழுத்து திரும்பி வராவிட்டால் அங்கே மவுஸ் இல்லை என்றே முடிவு. கரண்ட் போய் வந்தாலும் சிக்கலில்லை. 486 மெமரியை எண்ணி முடிப்பதற்குள் அடாப்டர் தயார்.

அமைப்பில் கட்டாயம் கவனிக்க வேண்டியது டிபிஐ, அதாவது ஓர் அங்குலம் நகர்த்தினால் மவுஸ் சொல்லும் புள்ளிகளின் எண்ணிக்கை. சீரியல் வேகம் 1200 பாட், அதாவது செக்கனுக்கு 1200 பிட். ஓர் அசைவைச் சொல்ல 3 பைட். ஆக, செக்கனுக்கு ஏறத்தாழ 40 தகவல்தான் போகும், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 127 புள்ளி. 1600 டிபிஐ மவுஸை அப்படியே விட்டால் செக்கனுக்கு 3 அங்குலத்துக்கு மேல் இழுக்கும்போது அம்புக்குறி பின்தங்கும்; மெதுவாக நகர்த்தினாலோ 640க்கு 480 திரையில் துள்ளிக்கொண்டு ஓடும். அடாப்டரில் நான்கால் வகுக்கும்படி வைத்தபிறகுதான் ஓரக்கோடுகளைச் சரியாகப் பிடிக்க முடிந்தது. சக்கரம் விண்டோஸ் 3.1இல் சும்மா சுழலும், அவ்வளவுதான்.

வயர்லெஸ் மவுஸ் சிலது பிடிக்கும், சிலது பிடிக்காது. கீபோர்டும் மவுஸும் ஒன்றாக இருப்பதாகச் சொல்லும் றிசீவர் வந்தால் எங்கள் அடாப்டர் குழம்புகிறது. மாமா வயர் உள்ளதையே வைத்துக்கொண்டார். "பற்றறி மாத்துற வேலை மிச்சம் தம்பி" என்கிறார்.