கரகரப்பிரியாவுக்கு டாட்காட்டா, ஓப்பன் டியா?

கரகரப்பிரியா ராகத்தைக் கிட்டாரில் பழக உட்கார்ந்த அன்று என் கிட்டார் ஓப்பன் டி என்ற சுருதி அமைப்பில் இருந்தது. இப்போது டாட்காட் (DADGAD) என்ற அமைப்பில் இருக்கிறது, இனி மாற்றுவதாக இல்லை.

கிட்டாரின் வழக்கமான சுருதியில் எந்த ஸ்கேலையும் வாசிக்கலாம். ஆனால் தம்புரா மாதிரி அடியில் எதுவும் ஓடாது. ஓப்பன் ஜி என்ற அமைப்பில் அடிக்கம்பி பஞ்சமத்தில் நிற்கும். ஷட்ஜமம் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஒட்டவில்லை. ஆக, மீதி இரண்டுதான்.

இந்த இரண்டிலும் ஐந்து கம்பிகள் ஒன்றேதான். டியை ஷட்ஜமமாக வைத்தால், அடிக்கம்பியிலிருந்து ச, ப, ச. மேலே ப, ச. நடுவில் இருக்கும் மூன்றாம் கம்பி மட்டும் வேறு. ஓப்பன் டியில் அது எஃப் ஷார்ப், அந்தர காந்தாரம். டாட்காட்டில் ஜி, சுத்த மத்தியமம்.

என் முடிவு முழுக்க அந்தக் கம்பியில்தான் இருந்தது. ஹரிகாம்போஜி ராகத்துக்கு, அதாவது மேற்கத்திய இசையின் மிக்ஸோலிடியன் ஸ்கேலுக்கு, ஓப்பன் டி அருமை. அம்மா கோயிலில் அந்த ராகத்தில் திருத்தாண்டகம் பாடும்போது ஐந்தாம் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டால் அவருடைய 5 கட்டைக்குச் சரியாக வந்துவிடும். ஆனால் கரகரப்பிரியாவுக்கு, அதாவது டோரியனுக்கு, சாதாரண காந்தாரம் வேண்டும். விரல் தவறி மூன்றாம் கம்பியில் பட்டால் அந்தர காந்தாரம் ஒலித்து ராகமே போய்விடும். அந்தக் கம்பியை எஃபுக்கு இறக்கலாம். அப்புறம் ஹரிகாம்போஜிக்கு மறுபடி ஏற்ற வேண்டும். தினமும் பிரடையை, அதாவது கம்பியை முறுக்கும் திருகை, இப்படித் திருகினால் கம்பி ஓரிடத்தில் நிற்காது. ஒன்றின் இழுவிசை மாறினால் மற்றவையும் லேசாக நகரும். நான் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்காற்றில் கம்பிகள் ஏற்கெனவே சீக்கிரம் துருப்பிடிக்கின்றன.

டாட்காட்டில் சும்மா விட்ட கம்பி எதிலும் காந்தாரமே இல்லை. அதனால் எந்தக் காந்தாரத்தையும் விரலால் வைத்துக்கொள்ளலாம். நான்காம் கம்பியில் 0, 2, 3 என்ற ஃப்ரெட்டுகளில் (0 என்றால் சும்மா விட்ட கம்பி) ச ரி க. மூன்றாம் கம்பியில் 0, 2, 4, 5 என்று ம ப த நி. முதல் கம்பியைச் சும்மா மீட்டினால் மேல் ஷட்ஜமம். அந்த 3ஐ 4 ஆக்கினால் ஹரிகாம்போஜி. பிரடையைத் தொடவே வேண்டாம்! 1960களில் கிட்டார் கலைஞர் டேவி கிரகாம் மொராக்கோவில் ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியத்தின் இசையைக் கேட்டுவிட்டு இந்தச் சுருதிக்கு வந்தார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இறக்கிய கம்பிகள் தொய்ந்து இரையும் என்பது உண்மை. பலர் தடிமனான 13 கேஜ் கம்பி செட்டுக்குப் போகிறார்கள். நான் 12லேயே இருக்கிறேன். கரகரப்பிரியாவின் காந்தாரம் அசைய வேண்டும். தொய்ந்த கம்பியை இழுத்து அசைப்பது விரலுக்குச் சுலபம்.

ஸ்லைடு, அதாவது கம்பிகள் மேல் குழாயை வழுக்கவிட்டு, வாசிப்பவர்களுக்கு ஓப்பன் டிதான் சரி என்று நினைக்கிறேன். ஒரே கோட்டில் முழு மேஜர் கார்டு கிடைக்கிறதே! ஆனால் ஸ்லைடை நான் இரண்டு மாதம்தான் தொட்டிருக்கிறேன், அதனால் இதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

பழகும் முறையை மட்டும் இங்குள்ள மஸ்கண்டி என்ற ஜூலு கிட்டார் இசைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர்களில் பலர் முதல் கம்பியை ஈயிலிருந்து டிக்கு இறக்கித்தான் வாசிப்பார்கள். பாட்டு தொடங்கும் முன் இசிஹ்லாபோ என்று வேகமாக ஒரு முன்வாசிப்பு வரும். பாட்டின் ஸ்வரங்களை அதிலேயே காட்டிவிடுவார்கள், நம் ஆலாபனை போல. நானும் தினமும் முதல் ஐந்து நிமிடம் தாளமில்லாமல் அப்படித்தான் வாசிக்கிறேன், அடிக்கம்பியை மட்டும் விடாமல் மீட்டிக்கொண்டு.