பழைய ரீலோடிங் பிரஸ் வாங்குகிறீர்களா? பிரைமர் குழாயை முதலில் பாருங்கள்

"ஒரு கம்பியை மேலிருந்து விட்டு லேசாத் தட்டிப் பாருங்க, இறங்கிடும்."

பிரைமர் இறங்காமல் நின்றுபோன என் பிரஸ்ஸுக்கு (சுட்டு முடித்த தோட்டாக் கூட்டை மறுபடி நிரப்பும் கைமெஷின்), அதை எனக்கு விற்ற கடைக்காரர் போனில் சொன்ன வைத்தியம் இது. அப்போது அந்தக் குழாய்க்குள் எண்பதுக்கும் மேற்பட்ட புது பிரைமர் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நின்றது. பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் உட்கார்ந்து உள்ளே இருக்கும் வெடிமருந்துப் பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி, தட்டினால் வெடிப்பதற்கென்றே செய்த பொருள். ஒன்று வெடித்தால் அந்த அடுக்கு முழுக்க ஒரு நொடிக்குள் வெடிக்கும். நான் கம்பியைத் தேடிக் கையில் எடுத்துவிட்டேன், ஏனோ கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எந்தக் கம்பியையும் விட்டு அடைப்பை எடுக்கவே கூடாது என்று அதில் எழுதியிருந்தது. கராஜில் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களில் இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் பேராவது இருப்பார்கள், அவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

நான் ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கிறேன். சிட்டிசன் ஆன பிறகு ஒரு துப்பாக்கி கிளப்பில் சேர்ந்தேன், மாதம் இரண்டு ஞாயிறு 9 எம்எம் பிஸ்டல் போட்டிக்குப் போவேன். (எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதே உங்களுக்குக் குற்றம். நண்பர் கூப்பிட்டார் என்று இதில் இறங்காதீர்கள்.) 2020-இல் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது கடைகளில் ஷெல்ஃப் காலி. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை வாளி வாளியாகச் சேர்த்து வைத்திருந்தேன், நாமே மறுபடி நிரப்பிக்கொள்ளலாமே என்று அப்போதுதான் யோசனை வந்தது. சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள ஃபெடரல் லைசென்ஸ் வேண்டாம், விற்பதற்குச் செய்தால்தான் வேண்டும். பிரைமருக்கும் தட்டுப்பாடு இருந்ததால் இரண்டு மூன்று வருடம் பொறுத்திருந்து, 2023-இல்தான் பிரஸ் வாங்கினேன்.

புதிதாக வாங்க மனம் வரவில்லை. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சின்னக் கடை, பழைய பிரஸ்களை வாங்கி, பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்த பாகமெல்லாம் மாற்றி, ஒரு வருட உத்தரவாதத்தோடு கொடுப்பதாகச் சொன்னார்கள். பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. 780 டாலர். கைப்பிடியை நாலு முறை இழுத்துக் காட்டினார், வழவழவென்று இறங்கி ஏறியது. பிரைமர் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

இந்த வகை பிரஸ்ஸில் பிரைமர் எப்படிப் போகிறது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். நின்ற வாக்கில் ஒரு மெல்லிய குழாய், அதில் நூறு பிரைமர் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். குழாயின் அடி வாயில் ஒரு பிளாஸ்டிக் நுனி. அதற்குக் கீழே முன்னும் பின்னும் ஓடும் ஒரு ஸ்லைடு, அந்த ஸ்லைடில் ஒரு பிரைமர் மட்டும் உட்காரும் சின்னக் கிண்ணம். கைப்பிடியைக் கீழே இழுக்கும்போது ஒரு ஸ்பிரிங் ஸ்லைடைப் பின்னால் இழுத்துக் குழாய்க்கு அடியில் நிறுத்தும், ஒரு பிரைமர் கிண்ணத்தில் விழும். கைப்பிடியைத் திரும்ப மேலே கொண்டுவந்தால் ஸ்லைடு முன்னால் வந்து கூட்டின் அடியில் நிற்கும், கைப்பிடியைக் கடைசியாக ஒரு அழுத்து அழுத்தினால் பிரைமர் கூட்டின் குழியில் ஏறி உட்காரும். இவ்வளவுதான். எல்லாமே தன் எடையில் விழுவதும் ஒரு ஸ்பிரிங் இழுப்பதும்தான், அதனால் ஒரு முடி அளவு தள்ளிப் போனாலும் வேலை கெடும்.

முதல் நாளே கெட்டது. பத்துக் கூட்டுக்கு ஒன்றில் பிரைமர் இல்லை. பிரைமர் இல்லாத கூட்டில் பவுடர் போட்டால் என்ன ஆகும்? அடியில் இருக்கும் துளை வழியாகப் பவுடர் கீழே கொட்டும். கொட்டிய பவுடர் ஷெல் பிளேட்டுக்கு (கூடுகளைப் பிடித்து நிறுத்தும் தட்டு) அடியிலும் ஸ்லைடு ஓடும் தடத்திலும் போய்ச் சேரும். அந்தப் பொடியால் ஸ்லைடு இன்னும் தடுமாறும், அடுத்த பிரைமரும் தவறும். அதாவது ஒரு தவறு அடுத்த தவறைப் பெற்றுக்கொண்டே போகும். ஒரு மணி நேரத்தில் நான் நாற்பது தோட்டா செய்தேன், அதில் பாதி நேரம் பிரஷ்ஷால் பவுடரைக் கூட்டித் தள்ளியதுதான். அப்புறம் இரண்டு பிரைமர் தலைகீழாக ஏறின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து நசுங்கியது, நல்ல வேளை வெடிக்கவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். முதல் பதில், "உங்க பிரைமர் பிராண்ட் சரியில்லை, இந்த மெஷினுக்கு அது ஒத்துவராது." அவரிடமே இருந்த வேறு பிராண்டில் ஆயிரம் வாங்கினேன், 105 டாலர். தட்டுப்பாட்டுக்கு முன்னால் ஆயிரம் பிரைமர் 30 டாலர் பக்கம் கிடைத்த பொருள், நினைத்தாலே வயிறு எரிகிறது. பிராண்டுக்குப் பிராண்ட் வித்தியாசம் இருப்பது உண்மைதான், ஃபெடரல் என்ற பிராண்டின் பிரைமர் கொஞ்சம் மென்மையானது என்பார்கள். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பிரஸ் பத்தில் ஒன்றைத் தவறவிடுவதற்கு அது காரணமே இல்லை. பிராண்டை மாற்றியும் அதே பத்தில் ஒன்று.

இரண்டாவது பதில், நான் கைப்பிடியை இழுக்கும் விதம் தப்பாம். ஒரு வாரம் என் கையைத் திருத்திக்கொண்டேன். மூன்றாவதாக, கொண்டுவந்து கொடுங்கள், டியூனப் செய்து தருகிறோம் என்றார்கள். உத்தரவாதம் இருக்கிறதே என்றால், அது பாகங்களுக்குத்தானாம், வேலைக்கு இல்லையாம். 160 டாலர், 11 நாள். திரும்பி வந்த மெஷினில் கிரீஸ் புதிதாகத் தடவியிருந்தது, வேறு எதுவும் மாறவில்லை. பிரைமர் ஓடும் தடத்தில் கிரீஸ் தடவவே கூடாது, தூசியும் பொடியும் அதில் பசை மாதிரி ஒட்டும், எண்ணெய் பிரைமரையும் கெடுக்கும். இதையும் அப்போது நான் அறியவில்லை. அன்று மாலையே குழாய் முழுசாக அடைத்துக்கொண்டது, அப்போது வந்ததுதான் அந்தக் கம்பி யோசனை.

கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கிளப்பில் பழக்கமான ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். எண்ணெய்க் கிணற்றுக்குச் சாமான் செய்யும் பட்டறையில் மெஷினிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருடமாக ரீலோடிங் செய்கிறவர். "எதையும் தொடாதே, கராஜ் கதவைச் சாத்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதே" என்று சொல்லிவிட்டு அரை மணியில் வந்தார். வந்ததும் முதலில் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார், எனக்கும் ஒன்று கொடுத்தார். குழாயைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மேல இருக்கிற இரும்புக் குழாய் எங்கே?"

எனக்கு அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாது. பிரைமர் நிற்கும் மெல்லிய குழாயைச் சுற்றி ஒரு தடித்த இரும்பு உறை இருக்க வேண்டும். உள்ளே அடுக்கு வெடித்தால் அந்த வேகம் பக்கவாட்டில் நம் முகத்துக்கும் கைக்கும் வராமல், மேல்நோக்கி மட்டும் போவதற்காகத்தான் அந்த உறை. என் மெஷினில் அது இல்லை. உள்குழாயை மட்டும் ஒரு வளையம் வைத்து இறுக்கி நிறுத்தியிருந்தார்கள். மூன்று வாரம் என் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில், நூறு பிரைமர் நிரம்பிய வெறும் குழாயை வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். அது காணாமல் போன பாகமா, வேண்டுமென்றே விட்டதா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் பெயிண்ட் அடித்தவருக்கு அது இல்லை என்பது கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது.

பெரியவர் குழாயைக் கழற்றி, கவிழ்த்து, பிளாஸ்டிக் நுனியை விரலால் மெதுவாக எடுத்ததும் பிரைமர்கள் தாமாகவே தட்டில் இறங்கின. கம்பி எதுவும் தேவைப்படவில்லை. அப்புறம் ஒரு பெரிய பிரைமரைப் பையிலிருந்து எடுத்துக் காலிக் குழாயில் போட்டார். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதாவது என்னிடம் இருந்தது பெரிய பிரைமருக்கான குழாய். 9 எம்எம்முக்கு வேண்டியது சின்ன பிரைமர், சுமார் 4.4 மில்லிமீட்டர் அகலம். பெரியது சுமார் 5.3. பெரியதற்கான குழாயில் சின்னதைப் போட்டால் அது சாயும், சாய்ந்து சிக்கும், ஓரொன்று புரண்டு தலைகீழாகவும் இறங்கும். என் தலைகீழ் பிரைமர்களின் கதை அதோடு தெளிவானது. சின்ன குழாயில் பெரிய பிரைமர் நுழையவே கூடாது, பத்து நொடிச் சோதனை இது.

அடுத்து ஸ்பிரிங். காலி மெஷினில் கைப்பிடியை மெதுவாக இழுத்து, ஸ்லைடு எங்கே நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். குழாயின் துளைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கால் பிறை மாதிரி ஒரு இடைவெளி. விரலால் ஸ்லைடைப் பின்னால் தள்ளினால் சரியாக நேருக்கு நேர் வருகிறது, ஸ்பிரிங்கை நம்பி விட்டால் வருவதில்லை. கழற்றிப் பார்த்தால் அது அந்த மெஷினின் ஸ்பிரிங்கே இல்லை, பால்பாயிண்ட் பேனாவில் இருப்பது போல ஒன்றை வளைத்து மாட்டியிருந்தார்கள். டியூனப்புக்குக் கொடுப்பதற்கு முன் நான் எடுத்து வைத்த படத்திலும் அதே வளைவு. 11 நாளில் அதை யாரும் தொடவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எல்லாக் கோளாறும் கடைக்காரர் தலையில் விழாது. ராணுவத் தோட்டாக்களின் கூட்டில் பிரைமர் குழியின் விளிம்பை உள்நோக்கி நசுக்கி வைத்திருப்பார்கள், அதைச் சீவி எடுக்காமல் புது பிரைமரை ஏற்றினால் சிக்கும், நசுங்கும். என் வாளியில் அப்படிப்பட்டவையும் கலந்திருந்தன. .45 (9 எம்எம்மைவிடப் பெரிய பிஸ்டல் தோட்டா) சுடுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும், அதில் பெரும்பாலும் பெரிய குழிதான், ஆனால் சில கூடுகளில் சின்னக் குழி வரும். கடைசி அழுத்தைப் பாதியில் விட்டால் பிரைமர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ அதைவிட ஒரு இழை உள்ளேயோ இருக்க வேண்டும், விரலால் தடவினாலே தெரியும். இதெல்லாம் நம் பக்கத்துக் கவனம். ஆனால் ஏறாமல் மக்கர் செய்யும் கூட்டை மேலும் பலம் கொண்டு அமுக்காதீர்கள், கை தடுத்தால் நிறுத்திவிட்டு அந்தக் கூட்டை எடுத்துப் பாருங்கள்.

மெஷினைச் செய்யும் நிறுவனத்துக்குப் பெரியவர் சொல்லித்தான் போன் செய்தேன். கைமாறி வந்த பிரஸ் என்று தெரிந்தும் ஸ்பிரிங்கை இலவசமாக அனுப்பினார்கள். இரும்பு உறை, சின்ன பிரைமர் குழாய், புது நுனிகள் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 46 டாலர். கடைக்குக் கொடுத்தது 1045. படங்களோடு கார்டு கம்பெனியில் புகார் கொடுத்ததில் டியூனப் பணம் 160 மட்டும் திரும்பி வந்தது. மெஷினுக்குப் பணம் தர மறுத்துவிட்டார்கள், நான் பாகங்களை மாற்றிவிட்டதால் உத்தரவாதம் போய்விட்டதாம்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே குழாயைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், இரும்பு உறை இருக்கிறதா பாருங்கள், காலி மெஷினில் ஸ்லைடு தானாகப் பின்னால் போய்த் துளைக்கு நேராக நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் பிரைமரை இணையத்தில் வாங்குகிறவர்கள் விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் கை வைக்காதீர்கள், தட்டுப்பாட்டுக் காலத்தில் முளைத்த போலிக் கடைகளில் என் கிளப்பிலேயே இருவர் பணம் விட்டார்கள். இங்கே பிரைமரைச் சாதாரணத் தபாலில் அனுப்பக் கூடாது, பொதுவாக அபாயகரப் பொருள் கட்டணம் தனியாகப் போட்டுத் தரை வழியில்தான் வரும். அந்தப் பேச்சே இல்லாமல், கார்டும் வாங்காமல், நேரடியாகப் பணம் அனுப்பு என்பவன் பொருள் அனுப்பப் போவதில்லை.

புது ஸ்பிரிங் போட்ட பிறகு இதுவரை 600 தோட்டா செய்திருக்கிறேன், ஒரு பிரைமர்கூடத் தவறவில்லை. போன வாரம் அந்தக் கடையின் விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன். அதே நீலப் பெயிண்ட்டில் இன்னொரு பிரஸ், இந்த முறை 820 டாலர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மெல்லிய குழாய் மட்டும் வெறுமனே நிற்கிறது, உறை இல்லை. போன் செய்து சொன்னேன். "வாங்குறவங்க கேட்டா பாத்துக்கலாம்" என்றார்.