கிளை பிரியும் கதை: விட்சர் 2, டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ், பால்டர்ஸ் கேட் 3 – மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

ஒரு ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) கேமில் கதை கிளைக்கிறது என்றதுமே பேச்சு முடிவுகளின் எண்ணிக்கைக்குப் போய்விடுகிறது. விட்சர் 2 வந்தபோது 16 முடிவுகள் என்றார்கள். பால்டர்ஸ் கேட் 3 வெளிவரும் சமயத்தில் லாரியன் ஸ்டுடியோ 17,000 முடிவு வேறுபாடுகள் என்றது. இந்த எண்களை நம்பி கேம் வாங்கினால் ஏமாற்றம்தான். கடைசியில் யார் உயிரோடு இருக்கிறார், யார் அரியணை ஏறுகிறார் என்ற சிறு மாற்றங்களைப் பெருக்கினாலே ஆயிரக்கணக்கில் வந்துவிடும். பார்க்க வேண்டியது வேறொன்று: ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்தில் எதை இழக்கிறோம்? எதையும் இழக்காமல் எடுக்கும் முடிவு, வசனத்தை மட்டும்தான் மாற்றும்.

இந்த ஒரு அளவுகோலை வைத்து 2009-இல் பயோவேர் வெளியிட்ட டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ், 2011-இல் சிடி ப்ராஜெக்ட் ரெட் வெளியிட்ட தி விட்சர் 2: அசாசின்ஸ் ஆஃப் கிங்ஸ், 2023-இல் லாரியன் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 ஆகிய மூன்றையும் அலசலாம். கதைத் திருப்பங்களைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. விளையாடாதவர்கள் அதைத் தெரிந்துகொண்டு மேலே படிக்கவும்.

விட்சர் 2: ஒரே வெட்டு, நடுவில்

முதல் அத்தியாயம் முழுவதும் ஃப்ளோட்சம் என்ற ஆற்றங்கரை ஊரில் நடக்கிறது. அதன் கடைசியில் நாயகன் கெரால்ட் இருவரில் ஒருவரோடு கிளம்ப வேண்டும்: டெமேரியா நாட்டின் சிறப்புப் படைத் தலைவன் ரோச், அல்லது காட்டில் ஒளிந்து போராடும் எல்ஃப் தலைவன் ஐயோர்வெத். ரோச்சோடு போனால் இரண்டாம் அத்தியாயம் ஹென்செல்ட் மன்னனின் படைமுகாமில் நடக்கும். ஐயோர்வெத்தோடு போனால் அதே போர்க்களத்துக்கு மறுபுறம் உள்ள வெர்ஜென் நகரில் நடக்கும். ஊர் வேறு, ஆட்கள் வேறு, குவெஸ்ட்டுகளில் பெரும்பகுதி வேறு. ஒரு பக்கத்தில் நீங்கள் நாள் கணக்கில் பழகும் மனிதர்கள் மறுபக்கத்தில் மதில் மேல் தெரியும் எதிரிப் படை. வெர்ஜெனில் கிளர்ச்சித் தலைவி சாஸ்கியாவுக்கு விஷம் வைக்கப்படும் விவகாரமும், ஊர்மக்கள் திரண்டு இளவரசன் ஸ்டென்னிஸைக் கேட்டு நிற்கும் காட்சியும் ரோச் வழியில் போகிறவர் கண்ணில் படவே படாது. ஹென்செல்ட்டின் உயிர் யார் கையில் என்று முடிவு செய்யும் இடம் ஐயோர்வெத் வழியில் கிடையாது. ஒரு ஸ்டுடியோ தன் உழைப்பில் பெரிய பங்கை ஒருமுறை மட்டும் ஆடுபவர் பார்க்காமலே போகட்டும் என்று விட்டது பெரிய துணிச்சல். அதற்குப் பிறகு பெரிய ஸ்டுடியோக்களில் இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு.

சின்ன முடிவுகளிலும் அந்தக் கவனம் இருக்கிறது. முன்கதையில் எதிர்த்து நிற்கும் பிரபு ஆரியன் லா வலெட்டைப் பேசிச் சரணடைய வைத்தால், பிறகு சிறையிலிருந்து தப்பும்போது அவன் உயிரோடு அங்கே இருப்பான். அவனைக் கொன்றிருந்தால் அவன் தாய் வழியாகத் தப்பும் வழி வேறு மாதிரி விரியும். அரை மணி நேரத்துக்குள்ளேயே விளைவு கண்ணுக்குத் தெரிந்துவிடுவதால், அடுத்து வரும் எந்தக் கேள்வியையும் அசட்டையாகக் கடக்க மனம் வராது.

குறை எங்கே என்றால், மூன்றாம் அத்தியாயத்தில். லோக் முயின் இடிபாடுகளில் இரண்டு வழியும் மறுபடி ஒன்று சேர்கின்றன. அந்தப் பகுதி அவசரமாக முடிகிறது. கெரால்டின் காதலி டிரிஸ்ஸை மீட்பதா, அல்லது ரோச் வழியில் டெமேரிய மன்னனின் மகளான சிறுமி அனைஸையும் ஐயோர்வெத் வழியில் மந்திரவாதினி பிலிப்பாவையும் மீட்பதா என்ற கடினமான கேள்வி வருகிறது. ஆனால் டிரிஸ்ஸைக் கைவிட்டாலும், மன்னர்களைக் கொல்லும் லெத்தோவே அவளைக் காப்பாற்றிக் கொண்டுவந்து விடுகிறான். இங்கே கேம் பின்வாங்கிவிட்டது.

சண்டை முறையும் தொடக்கத்தில் கடுமை காட்டும். முதுகில் விழும் அடி இரண்டு மடங்கு. தடுப்பதற்கும் விகர் (ஆற்றல் அளவு) செலவாகும். புதிதாக ஆடுபவர்கள் முன்கதையிலேயே நான்கைந்து வீரர்கள் நடுவில் நின்று செத்துச் செத்து எழுவதற்குக் காரணம் இதுதான். கூட்டத்துக்குள் நிற்காமல் உருண்டு வெளியேறுங்கள், சண்டைக்கு முன்பே க்வென் என்ற காப்பு மந்திரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், முதல் 6 புள்ளிகள் பயிற்சிக் கிளையில் போன பிறகு வாள் கிளையில் முதுகடியைக் குறைக்கும் திறனை எடுங்கள். பாதிச் சிரமம் போய்விடும். மருந்துகளைத் தியானத்தில் உட்கார்ந்துதான் குடிக்க முடியும் என்பதால், அடுத்து வருவது பேச்சா சண்டையா என்று தெரியாமல் குடித்து வீணாவது அடிக்கடி நடக்கும். இது உண்மையான வடிவமைப்புப் பிழை. 2011-இல் வந்த 2.0 பேட்ச் தனிப் பயிற்சிப் பகுதியைச் சேர்த்தது, ஆனால் தியானத்தில் மட்டும் மருந்து குடிக்கும் முறையை 2012-இன் என்ஹான்ஸ்ட் எடிஷனும் மாற்றவில்லை.

டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ்: வேர் ஆறு, மரம் ஒன்று

இங்கே பிரிவு தொடக்கத்திலேயே இருக்கிறது. மனிதப் பிரபு, நகர எல்ஃப், டேலிஷ் எல்ஃப், குள்ளப் பிரபு, குள்ளச் சாதாரணன், மந்திரவாதி என ஆறு பிறப்புக் கதைகள். ஒவ்வொன்றும் சில மணி நேரம் தனியாக ஓடி, ஆஸ்டகர் போரில் ஒன்றாகச் சேரும். அதன் பிறகு ரெட்கிளிஃப், மந்திரவாதிகளின் கோபுரம், பிரெசிலியன் காடு, குள்ளர்களின் நகரமான ஆர்ஸமார் ஆகியவற்றை விரும்பிய வரிசையில் முடிக்கலாம்.

பிறப்பின் மதிப்பு, பிறந்த இடத்துக்குத் திரும்பும்போதுதான் தெரியும். குள்ளப் பிரபுவாக ஆடினால், ஆர்ஸமாரில் அரியணைக்குப் போட்டியிடும் பெலன் உங்களைக் காட்டிக்கொடுத்த சொந்தத் தம்பி. குள்ளச் சாதாரணனாக ஆடினால் அதே பெலனின் வீட்டில் உங்கள் அக்கா ரீகா வசதியாக வாழ்கிறாள். மற்றவர்களுக்கு அவன் யாரோ ஒரு அரசியல்வாதி. ஒரே தேர்வு மூன்று விதமாகக் கனக்கிறது. ஆரிஜின்ஸின் எழுத்து உச்சம் தொடுவது இங்கேதான். விளைவும் எதிர்பார்த்தபடி அமையாது: கொலைக்கு அஞ்சாத பெலன் ஆட்சியில் சீர்திருத்தம் வருகிறது, நேர்மையானவனாகத் தோன்றும் போட்டியாளன் ஹாரோமான்ட் நகரின் கதவை வெளியுலகுக்கு மூடுகிறான். எல்லாப் பிறப்புக்கும் இந்த யோகம் இல்லை. டேலிஷ் எல்ஃப் காட்டுக்குப் போனால் சந்திப்பது வேறொரு குலத்தை. அதனால் திரும்பி வரும் கனம் அங்கே இல்லை. முதல்முறை ஆடுபவர்கள் இரண்டு குள்ளப் பிறப்புகளில் ஒன்றையோ, நகர எல்ஃபையோ எடுப்பது நல்லது. மனிதப் பிரபு எடுத்தால் அரியணை வரை போகும் வழி திறக்கும்.

இனி பலவீனம். நடுப்பகுதியின் தேர்வுகள் அந்தந்த ஊருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. காட்டில் எல்ஃப்களைக் காத்தீர்களா, ஓநாய் மனிதர்களைச் சேர்த்தீர்களா. கோபுரத்தில் மந்திரவாதிகளா, அவர்களைக் காவல் காக்கும் டெம்ப்ளர் வீரர்களா. கோலம் என்ற கல் வீரர்களை உருவாக்கும் அன்வில் ஆஃப் தி வாய்டை வைத்தீர்களா, உடைத்தீர்களா? எல்லாம் கடைசியில் தலைநகர் டெனெரிமின் போரில் கூப்பிடும் படையின் வகையை மாற்றும். போர் நடக்கும் தெருவும் அதன் போக்கும் அதேதான். மற்ற விளைவுகள் முடிவுரை எழுத்துப் பக்கங்களில் வாசிக்கக் கிடைக்கும்.

காலத்தைக் கையாள்வதிலும் ஒழுங்கில்லை. ரெட்கிளிஃப் கிராமத்தை இரவுத் தாக்குதலுக்கு முன் விட்டுவிட்டுப் போனால் கிராமமே அழிந்துவிடும். சரி, அது நியாயம். ஆனால் அதற்கடுத்துப் பேய் பிடித்த சிறுவன் கானரைக் கோட்டையிலேயே விட்டுவிட்டு, ஏரியைத் தாண்டி மந்திரவாதிகளைக் கூப்பிடப் போனால் ஒன்றும் ஆகாது. சிறுவனைக் கொல்வதா, தாய் இசோல்டைப் பலி கொடுப்பதா என்ற கொடூரமான கேள்வியை இந்த மூன்றாம் வழி கூர் மழுங்கச் செய்துவிடுகிறது. கோபுரத்தில் மந்திரவாதிகளை ஏற்கெனவே அழித்தவர்களுக்கு மட்டும் இந்த வழி அடைபடும். இழப்பை முழுதாக உணர வேண்டும் என்றால் கோபுரத்தில் டெம்ப்ளர்கள் பக்கம் நின்றுவிட்டு ரெட்கிளிஃப் போங்கள்.

பிரபுக்கள் கூடும் லேண்ட்ஸ்மீட் காட்சி விதிவிலக்கு. ஆஸ்டகரில் மன்னனைக் கைவிட்ட தளபதி லோகெய்னை மன்னித்துப் படையில் சேர்த்தால் தோழன் அலிஸ்டர் விலகிவிடுவான், எத்தனை பரிசு கொடுத்து மனதைப் பிடித்திருந்தாலும். டெனெரிமில் அவன் அக்கா கோல்டன்னாவைச் சந்தித்த பிறகு, ‘எல்லோரும் தன்னலத்துக்காகத்தான் வாழ்கிறார்கள்’ என்ற போக்கில் அவனிடம் பேசியிருந்தால் அவன் குணம் இறுகும். அப்போது குழுவை விட்டுப் போனாலும் ராணி அனோராவை மணந்து அரசனாக ஒப்புக்கொள்ள வைக்க முடியும். அந்த ஒரு உரையாடல் பத்துப் பதினைந்து மணி நேரம் கழித்துப் பலன் தருகிறது. இந்த அளவு நிதானமான வேலைப்பாடு கேம் முழுக்க இருந்திருந்தால் இதற்கு ஈடே இருந்திருக்காது. பேசிச் சாதிக்க நினைப்பவர்கள் கோயர்ஷன் (பேசி இணங்கவைக்கும்) திறனின் நான்கு படிகளையும் லேண்ட்ஸ்மீட்டுக்கு முன் எடுத்துவிட வேண்டும்; இணங்கவைக்க கன்னிங் (சாமர்த்தியம்), மிரட்ட ஸ்ட்ரெங்த் (வலிமை) உதவும்.

ஃபேட் கனவுலகமும் டீப் ரோட்ஸ் சுரங்கங்களும் நீளம். இரண்டாம்முறை ஆடுவதைப் பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

பால்டர்ஸ் கேட் 3: எங்கும் கிளை, ஒரு பக்கம் பட்டுப்போனது

இங்கே எந்தப் பூட்டையும் நான்கு விதமாகத் திறக்கலாம்: சாவி, கள்ளத்தனம், மந்திரம், உடைப்பு. எதிரியைக் கொன்ற பிறகு பிணத்தோடு பேசித் தகவல் வாங்கலாம். முதல் பாகத்தில் அகதிகள் தங்கியிருக்கும் எமரால்ட் குரோவ் என்ற சோலையைக் காப்பாற்ற காப்லின் தலைவர்களான கட், ராக்ஸ்லின், மிந்தாரா மூவரையும் நேராகச் சண்டையிட்டு முடிக்கலாம், ஒவ்வொருவராகத் தனிமையில் முடிக்கலாம், கரடி வடிவில் கூண்டில் இருக்கும் குரோவின் தலைவர் ஹால்சினை விடுவித்து அவரோடு சேர்ந்தும் முடிக்கலாம். ஒரு பிரச்சினைக்குள் இத்தனை வழி தருவதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

பெரிய கிளையில் மட்டும் தராசு கோணுகிறது. மிந்தாராவோடு சேர்ந்து குரோவை அழித்தால் தோழர்கள் வில், கார்லக் இருவரும் போய்விடுவார்கள், ஹால்சினும் கிடையாது. அங்கிருந்த டீஃப்லிங் அகதிகள் செத்துவிடுவதால், இரண்டாம் பாகத்தில் லாஸ்ட் லைட் விடுதியிலும் மூன்றாம் பாகத்தில் நகரத்திலும் அவர்கள் வரும் கதைகள் எல்லாம் காலி. கொல்லன் டாமன், பாடகி அல்ஃபிரா, ரோலன் எவரும் இல்லை. இழப்பு இருக்கிறது, ஆனால் அந்த இடத்தை நிரப்பப் புதிதாக வருவது மிந்தாரா ஒருத்திதான். விட்சர் 2 ஒரு கதவை மூடினால் இன்னொரு ஊரையே திறந்து கொடுத்தது; இது கதவை மூடிவிட்டு வெறும் சுவரைக் காட்டுகிறது. பின்னால் வந்த பேட்ச், கொல்லாமல் அடிக்கும் பொத்தானைப் போட்டு மிந்தாராவைக் கைகலப்பில் மயக்கமடையச் செய்தால் நல்ல வழியிலும் அவளைச் சேர்க்கலாம் என்று ஆக்கியது. அதோடு தீய வழியின் கடைசிக் கவர்ச்சியும் போயிற்று. தீமையை ஆழமாக ஆடிப் பார்க்க விரும்புகிறவர்கள் குரோவை அழிக்கும் வழியை நம்பாமல், கொலை வெறி உள்ளே ஊறும் டார்க் அர்ஜ் பாத்திரத்தை எடுங்கள். அடக்கினாலும் விட்டுக்கொடுத்தாலும் மூன்று பாகங்களிலும் அந்தக் கதை தொடர்ந்து வரும்.

முடிவுக்கருகில் சிறைப்பட்ட இளவரசன் ஆர்ஃபியஸை விடுவிக்கப் போகிறோம் என்றதும், வழிநெடுக நம்மைக் காத்து வந்த எம்பரர் உடனே எதிரியின் பக்கம் போய்விடுவதும் பலவீனமான எழுத்து. அத்தனை மணி நேரம் அவனோடு எப்படிப் பழகினோம் என்பதற்கு அங்கே கணக்கே இல்லை.

நடைமுறையில் பலரும் தவறவிடுவது முகாம் காட்சிகள். தோழர்களின் கதைகள் லாங் ரெஸ்ட் (முகாமில் இரவு ஓய்வு) எடுக்கும்போதுதான் நகரும். ஒரே இரவில் எல்லாம் வராது, வரிசையில் காத்திருக்கும். மருந்தையும் மந்திரத்தையும் சேமித்து, ஓய்வே எடுக்காமல் ஓடினால் அவை வராமலே போய்விடும். முழு ஓய்வுக்கு 40 உணவுப் பொருள் வேண்டும், டாக்டிஷியன் என்ற கடின நிலையில் 80. பொருள் செலவழிக்காத பாதி ஓய்விலும் காட்சிகள் வரும் என்பதால், சும்மா படுத்து எழுந்தாலே போதும். எரியும் வாகின்ஸ் ரெஸ்ட் விடுதிப் பக்கம் போய்விட்டால் மட்டும் ஓய்வெடுக்காமல் உள்ளே போங்கள்; படுத்து எழுந்தால் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க மாட்டார்கள்.

பகடை இன்னொரு விஷயம். பேச்சில் 20 பக்கப் பகடையில் 1 விழுந்தால் திறன் எவ்வளவு இருந்தாலும் தோல்வி. அதாவது 20-இல் ஒரு முறை. தோற்றதும் பழைய சேவ் ஃபைலுக்கு ஓடும் பழக்கம் இந்த கேமின் சுவையைக் கெடுக்கிறது. தோல்விக்கென்றே எழுதப்பட்ட காட்சிகள் இதில் நிறைய. கைடன்ஸ் மந்திரம் தெரிந்த ஒருவரைக் குழுவில் வைத்தால் பகடையில் 1 முதல் 4 வரை கூடும். மறுபடி உருட்ட உதவும் இன்ஸ்பிரேஷன் புள்ளி 4 வரை சேர்த்து வைக்கலாம். கார்மிக் டைஸ் அமைப்பு முதலிலேயே இயங்கும் நிலையில் இருக்கும். அது தொடர் தோல்வியைத் தடுக்கிறது, எதிரிகளின் தோல்வியையும் சேர்த்து. கனமான கவசத்தை நம்பும் பாத்திரம் அதிகமாக அடி வாங்கக் காரணம் இதுதான், அணைத்துவிடுங்கள்.

கணினி பற்றி

பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி இடமும் எஸ்எஸ்டியும் வேண்டும். மூன்றாம் பாகத்தின் நகரம் கிராஃபிக்ஸ் கார்டைவிட பிராசஸரைத்தான் வாட்டும். அங்கே கிராஃபிக்ஸ் அமைப்பைக் குறைப்பதைவிட மக்கள் கூட்டத்துக்கான அமைப்பை மாற்றுவது பலன் தரும். விட்சர் 2-இல் உபர்சாம்ப்ளிங் என்று ஒரு தேர்வு உண்டு, அதை முதலில் அணைக்கவும்; படத்தைப் பல மடங்கு பெரிதாக வரைவதால் நல்ல கார்டும் திணறும். ஆரிஜின்ஸ் பழைய 32 பிட் நிரல். நீண்ட நேரம் ஆடினால், குறிப்பாக டெனெரிமில், நினைவகம் நிரம்பி லோடிங் நீளும், பிறகு நின்றே போகும். 4 ஜிபி வரை நினைவகம் எடுக்கும்படி இயங்கு கோப்பைத் திருத்தும் சிறு கருவி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போடாமல் தொடங்க வேண்டாம். ஆரிஜின்ஸை மேலிருந்து பார்த்து ஆடும் வசதி கணினியில் மட்டும்தான் என்பதால் கன்சோல் பதிப்பைத் தவிர்க்கலாம்.

யாருக்கு எது

ஒரே ஒருமுறைதான் ஆடுவேன், எல்லாமே என் இஷ்டப்படி நடக்க வேண்டும் என்பவர்களுக்கு பால்டர்ஸ் கேட் 3. 80 மணி நேரமாவது ஒதுக்குங்கள். நல்ல பக்கம் நின்று ஆடினால் அதன் முழுச் செழுமையும் கிடைக்கும். யார் வயிற்றில் பிறந்தோம் என்பது எப்படி அரசியலை மாற்றுகிறது என்று பார்க்க ஆரிஜின்ஸ். கிராஃபிக்ஸ் பழசு, எழுத்து பழசாகவில்லை. கிளை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விட்சர் 2. அதை இரண்டு முறை ஆடாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ஒருமுறை முடிக்க 25 முதல் 30 மணி நேரம்தான். ஃப்ளோட்சத்தில் எல்ஃப்களின் பழைய குளியலறை இடிபாட்டில் லெத்தோவைச் சந்திக்கப் போகும் முன் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஐயோர்வெத்திடம் வாளைக் கொடுப்பதா என்ற முதல் கேள்வி வரும். அது யாரோடு போவது என்பதை முடிவு செய்யாது, ஆனால் ஊர் எந்த நிலையில் உங்களை வரவேற்கிறது என்பதை மாற்றும். இரண்டாவது முறை அந்த சேவிலிருந்து தொடங்கினால் முதல் அத்தியாயத்தை மறுபடி நடக்க வேண்டியதில்லை.