குஞ்சுகளுக்குச் சூடு: தாய்க்கோழியா, பல்பா, தகடா?

புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது தீவனத்தைப் பற்றித்தான். ஆனால் முதல் சில வாரங்களில் பல குஞ்சுகளைக் கொல்வது குளிர். பூமயிர் உதிர்ந்து இறகு முளைக்கும்வரை குஞ்சால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. யாராவது அல்லது எதாவது அதைத் தந்தாக வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள்தான் என்றால் என் ஓட்டு தாய்க்கோழிக்கே. குளிர்ந்தால் இறக்கைக்குள் நுழையும், போதுமென்றால் வெளியே வரும். வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார வேண்டாம். எதைக் கொத்த வேண்டும், எப்போது ஓடி ஒளிய வேண்டும் என்பதையும் தாயே சொல்லிக்கொடுத்துவிடும். குறைகளும் உண்டு. அடையில் 21 நாள், அப்புறம் குஞ்சுகளைப் பிரித்துவிடும்வரை இன்னும் சில வாரம் அது முட்டையிடாது. தாயின் உடம்பிலுள்ள பேன் குஞ்சுக்கும் வரும். வெளியே மேயவிட்டால் காகம், பருந்து, பூனை என்று ஏதாவது ஒன்று காத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், நாம் விரும்பும் நேரத்தில் எந்தக் கோழியும் அடைக்கு உட்காராது.

வாங்கிய குஞ்சுகளை அடைக்கோழியிடம் சேர்க்க நினைத்தால், பிறந்து ஓரிரு நாளுக்குள், இருட்டிய பிறகு வயிற்றுக்கடியில் மெதுவாக வைத்துவிடுங்கள். வளர்ந்த குஞ்சைப் பகலில் விட்டால் கொத்தித் துரத்திவிடும். எல்லாக் கோழியும் ஏற்றுக்கொள்ளாது என்பதால் காலையில் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

எண்ணிக்கை கூடினால் சூடு தரும் பல்புதான் வழக்கம். முதல் வாரம் குஞ்சின் உயரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். எண்ணைவிடக் குஞ்சுகளின் நடத்தை நம்பகமானது. பல்புக்கு நேர் கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்று கத்தினால் குளிர்கிறது. ஓரமாய் ஒதுங்கி, இறக்கையை விரித்து, வாய் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. பல்பை நடுவில் தொங்கவிடாமல் ஒரு மூலையில் வைத்தால் விலகிப்போக இடம் கிடைக்கும். இதில் எனக்குப் பிடிக்காத விஷயம் தீ. காய்ந்த மரச்சீவல் மேல் பல்பு விழுந்தால் கொட்டகையே போய்விடும். ஒரே கயிற்றை நம்பாமல் சங்கிலியாலும் கட்டுங்கள். டெஃப்லான் பூசிய பல்பு வேண்டவே வேண்டாம். சூடேறும்போது வரும் புகை பறவைகளுக்கு நஞ்சு.

குஞ்சுகள் அடியில் புகுந்துகொள்ளும் மின்வெப்பத் தகடு இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. மின்சாரம் குறைவு, தீப்பயம் குறைவு, வெளிச்சமில்லாததால் இரவில் நன்றாகத் தூங்கும். சுற்றியுள்ள காற்றை அது சூடாக்காது, அதனால் மிகக் குளிர்ந்த அறைக்குப் போதாது. குஞ்சு வளர வளர தகட்டின் உயரத்தையும் ஏற்ற வேண்டும். மின்வெட்டு வந்தால் தகடு, பல்பு இரண்டுமே கைவிடும்.

மற்றபடி எந்த முறைக்கும் ஒரே பராமரிப்புதான். தரையில் வெறும் செய்தித்தாளை விரித்தால் வழுக்கும், குஞ்சின் கால் விரிந்துவிடும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும். கூளம் ஈரமானால் உடனே மாற்றுங்கள், ரத்தக்கழிச்சல் அங்கேதான் பெருகுகிறது. தாயோடு வளரும் குஞ்சுகள் அதன் தட்டிலும் வாய் வைக்கும் என்பதால், முட்டைக்கோழித் தீவனத்தை அங்கே வைக்காதீர்கள். அதிலுள்ள கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டையிடாத அந்தக் காலத்தில் தாய்க்கும் குஞ்சுத் தீவனமே போதும்.