மீன் தொட்டியில் கரண்ட் லீக் என்று சொல்லி 34,500 ரூபா வாங்கினார்கள்

யாழ்ப்பாணத்தில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். 34,500 ரூபா போனது ஒரு பக்கம். என் அம்மா உயிரோடு இருப்பது பெரிய விஷயம்.

மழை தொடங்கியதும் எங்கள் தொட்டியில் ஏஞ்சல் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மீனும் தொட்டிச் சாமானும் விற்கும் ஒரு கடை, தொட்டியில் கரண்ட் லீக் இருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்துத் தருவதாகப் பேஸ்புக்கில் போட்டிருந்தது. கூப்பிட்டேன். வந்த தம்பி நல்ல மரியாதை. அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றரின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மற்றதைச் சுவர் பிளக்கின் எர்த் ஓட்டையிலும் வைத்தார்.

"பாருங்கோ அக்கா, 62 வோல்ற். மீன் சாகாமல் என்ன செய்யும்? பிள்ளையள் கை வைச்சால் என்ன நடக்கும்?"

பிள்ளைகள் என்றதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. மீற்றரில் எண் கண் முன்னால் நிற்கிறது, சொல்பவர் அந்தத் தொழில் தெரிந்தவர். பழைய பம்பும் ஹீற்றரும் லீக், இரண்டையும் மாற்ற வேண்டும், கூடவே தண்ணீருக்குள் ஒரு எர்த் கம்பியும் போட்டால் பயமே இல்லை என்றார். எல்லாம் சேர்த்து 34,500 ரூபா. பழைய சாமான்களை "நாங்களே எறிஞ்சு விடுறம்" என்று கையோடு கொண்டுபோய்விட்டார். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அந்தக் கிழமையே, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டிக்குள் கையை விட்ட அம்மாவைக் கரண்ட் தூக்கி எறிந்தது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, பயமில்லை என்று விட்டார்கள். தோள் இன்னும் நோகிறது.

வயரிங் வேலை செய்த பெரியப்பா வந்து பார்த்தார். மீற்றர் பெட்டிக்குக் கீழே நிலத்தில் இறங்கும் எர்த் கம்பியிலிருந்து நீளமாக ஒரு வயர் இழுத்து, அதற்கும் தண்ணீருக்கும் இடையில் அளந்தார். 228 வோல்ற்! புது ஹீற்றரின் பிளக்கைக் கழற்றியதும் அது இறங்கிவிட்டது. ஹீற்றரை வெளியில் எடுத்துப் பார்த்தால் றப்பர் மூடிக்குக் கீழே கண்ணாடியில் மயிரளவு வெடிப்பு, உள்ளே தண்ணீர். அப்புறம் சுவர் பிளக்கைக் கழற்றினார். பின்னால் எர்த் வயரே இல்லை. அந்தத் தம்பி மீற்றர் முனையை வைத்த ஓட்டையும், காசு வாங்கிப் பூட்டிய எர்த் கம்பியும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. எங்களுடையது பழைய வீடு, பியூஸ் பெட்டிதான், கரண்ட் லீக்கானால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் கிடையாது. இதை அவர் கேட்கவே இல்லை.

அப்போது அந்த 62? பெரியப்பா புதுப் பம்பை மட்டும் போட்டுக் காட்டினார். அதற்கும் மீற்றர் 40க்குக் கிட்டக் காட்டியது. மீற்றரின் இரண்டு முனைகளுக்கும் இடையில் ஒரு தடையை (ரெசிஸ்ரர்) போட்டதும் கிட்டத்தட்டப் பூச்சியம். பக்கத்து வயரிலிருந்து தூண்டப்படும் வோல்ற்றேஜை டிஜிற்றல் மீற்றர் இப்படிப் பெரிதாகக் காட்டுமாம், அதில் ஆளுக்கு அடிக்கிற அளவுக்குக் கரண்ட் இல்லையாம். "மீன் கம்பியில நிக்கிற காகம் மாதிரி, பிள்ளை. கரண்ட் நிலத்துக்குப் போக வழி இல்லாட்டி அதுக்கு அடிக்காது. நிலத்தில நிண்டு கை வைக்கிற எங்களுக்குத்தான் அடிக்கும்" என்றார்.

கடைக்கு எடுத்தேன். முதலில் "லைன் வோல்ற்றேஜ் கூட வந்திருக்கும் அக்கா." பிறகு முதலாளி கொழும்பில் நிற்கிறார். பிறகு, கண்ணாடி வெடித்தால் வொறண்டி இல்லை. நேரில் போனால், பில்லில் ஹீற்றர் என்றே இல்லையாம், "தொட்டிச் சாமான் 34,500" என்றுதான் இருக்கிறதாம். எழுதியது அவர்கள்! அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. இவ்வளவையும் மட்டும் செய்யுங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் தண்ணீருக்குள் போடும் எர்த் கம்பியை நம்ப வேண்டாம். யாராவது மீற்றரோடு வந்தால், ஒவ்வொரு சாமானாகக் கழற்றி அளக்கச் சொல்லுங்கள், எர்த் உண்மையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சாமானைக் கொடுத்துவிடாதீர்கள். பில்லில் ஒவ்வொன்றையும் பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஹீற்றரை அப்படியே வைத்திருக்கிறேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு நாளை எடுக்கப் போகிறேன். இதே போல் "இலவசமாக" வந்து பார்த்துச் சாமான் மாற்றியவர்கள் வேறு யாரும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், முறைப்பாட்டைச் சேர்ந்தே கொடுப்போம்.