மாங்கனீசா, நிக்கலா? ஃபெரைட் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் அலசல்

சிங்கப்பூர் சிம் லிம் டவரில் மின்னணு உதிரிபாகக் கடை ஒன்றில், டிரான்ஸ்ஃபார்மர் செய்யவும் வயரில் இரைச்சலை அடக்கவும் உதவும் ஃபெரைட் வளையம் கேட்டுப் பாருங்கள். கறுப்பாக, கனமாக, ஒரே அளவில் இரண்டை எடுத்து வைத்தால் எது எந்த வகை என்று கண்ணால் சொல்ல முடியாது. இரண்டும் இரும்பு ஆக்சைடைப் பிற உலோக ஆக்சைடுகளோடு கலந்து, சூளையில் சுட்டு எடுத்த பீங்கான்தான். ஒன்றில் மாங்கனீசும் துத்தநாகமும் இருக்கும். மற்றதில் மாங்கனீசுக்குப் பதில் நிக்கல். மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு முனைகளையும் வளையத்தின்மேல் அழுத்துங்கள். (பூச்சு இருந்தால் கொஞ்சம் சுரண்ட வேண்டும். கடைக்காரர் திரும்பி நிற்கும்போது என்று நான் சொல்லவில்லை.) மாங்கனீசு வகையில் பெரும்பாலும் கிலோஓம் கணக்கில் ஓர் எண் ஓடும். நிக்கல் வகையில் ஒன்றும் வராது, வயர் அறுந்த மாதிரிதான் காட்டும்.

வாங்க வருகிறவர்கள் பலரும் உட்புகுதிறன் (காந்தப்புலத்தை எவ்வளவு எளிதாக உள்ளே விடும் என்ற அளவு) எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்ல சரக்கு என்று ஒரு நினைப்பு. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அலைவெண். அடுத்தது மின்தடை. உட்புகுதிறன் அப்புறம்தான்.

ஃபேர்-ரைட் நிறுவனத்தின் கலவைகளையே எடுத்துக்கொள்வோம். 77 என்பது மாங்கனீசு வகை: உட்புகுதிறன் 2000, தன்மின்தடை (வடிவம் எதுவானாலும் அந்தப் பொருளுக்கே உரிய மின்தடை) சுமார் 100 ஓம்-செ.மீ. 43 என்பது நிக்கல் வகை: உட்புகுதிறன் 800, தன்மின்தடை 100,000. நிக்கலிலேயே 61 என்று ஒன்று உண்டு. அதன் உட்புகுதிறன் வெறும் 125, தன்மின்தடையோ 100 மில்லியன். மாங்கனீசு வகையில் இரும்பு அயனிகள் சில இரண்டு மின்னூட்டத்தோடும் மற்றவை மூன்றோடும் இருப்பதால் எலக்ட்ரான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போகிறது. தடை குறைவதற்கு அதுதான் காரணம். அலைவெண் ஏற ஏற உள்ளே சுழல் மின்னோட்டம் பெருகி, வளையம் சூடாகும். இது போதாதென்று, உட்புகுதிறன் கூடக்கூட அது சரியத் தொடங்கும் அலைவெண்ணும் கீழே இறங்கிவிடும். பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தின் ஸ்னூக் 1940களில் எடுத்துக்காட்டிய வரம்பு அது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது.

ஆக, 100 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஓடும் லேப்டாப் சார்ஜரின் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாங்கனீசுதான், அதில் விவாதமே இல்லை. வயரின்மேல் மணியைப் போல மாட்டி, நூறு மெகாஹெர்ட்ஸ் வரம்பில் மின் இரைச்சலை அடக்க வேண்டுமானால் நிக்கல். நடுவில் ஒரு விதிவிலக்கு உண்டு. 31 என்ற கலவை மாங்கனீசுதான், ஆனால் தன்மின்தடை 3000 அளவில் இருக்கும். வீவக அடுக்குமாடி வீட்டில் நாலா பக்கமும் சார்ஜரும் எல்இடி விளக்கும் இரைச்சல் கிளப்ப, சிற்றலை கேட்க நினைக்கும் வானொலிப் பிரியர்களுக்கு 43-ஐவிட இதுதான் கைகொடுக்கும். அதிலும் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சரி, இரண்டு வகையிலும் துத்தநாகம் எதற்கு? அது காந்தத்தன்மையே இல்லாத அயனி. அதைச் சேர்த்தால் காந்தம் கூடுகிறது! ஃபெரைட் படிகத்தில் இரும்பு உட்காரும் இடங்கள் இரண்டு விதம். நான்கு ஆக்சிஜன் சூழ்ந்தது ஒன்று, ஆறு சூழ்ந்தது இன்னொன்று. இரண்டிலும் இருக்கும் அயனிகளின் குட்டிக் காந்தங்கள் எதிரெதிரே இழுக்கின்றன, கயிறு இழுக்கும் போட்டியைப் போல. கழித்து மிஞ்சுவதுதான் நமக்குக் கிடைக்கும் காந்தம். இதை 1948இல் விளக்கிய பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் 1970இல் நோபல் பரிசு பெற்றார். துத்தநாகம் விரும்பிப் போய் உட்காருவது தோற்கிற அணியில். அங்கிருந்த இரும்பு ஜெயிக்கிற பக்கம் தள்ளப்படுகிறது. நிக்கல் ஃபெரைட்டில் கணக்குப்படி மிஞ்சுவது 2 போர் மேக்னட்டான் (அணு அளவிலான காந்தத்தை அளக்கும் அலகு). நிக்கலில் கால் பங்கைத் துத்தநாகமாக மாற்றினால் 4, அதாவது இரண்டு மடங்கு.

இதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்க முடியாது. பாதியை நெருங்கும்போது ஏற்றம் நின்று இறக்கம் தொடங்கும். எதிரணியில் ஆள் குறைந்தால் ஜெயிக்கிற அணியை ஒரே திசையில் பிடித்து நிறுத்தவும் ஆள் இல்லை. முழுக்கத் துத்தநாகமே ஆனால் அறை வெப்பத்தில் காந்த ஒழுங்கே இருக்காது. இன்னொரு விலையும் உண்டு. துத்தநாகம் கலக்காத நிக்கல் ஃபெரைட்டின் கியூரி வெப்பநிலை, அதாவது காந்த ஒழுங்கு கலைந்துபோகும் வெப்பநிலை, 585 டிகிரி அளவில் இருக்கிறது. 43 கலவைக்கு உத்தரவாதம் 130 டிகிரிதான். மூடிய பெட்டிக்குள் சூடேறும் சர்க்யூட்டுக்கு இதைக் கட்டாயம் பாருங்கள்.

கோபால்ட் வேறு ரகம். மற்ற ஃபெரைட்டுகளின் படிகம் காந்தத்தை ஒரு திசையில் நிறுத்த விரும்பினால் கோபால்ட் வேறொரு திசைக்கு இழுக்கும், அதுவும் பல மடங்கு பலமாக. அதனால் ஒரு சதவீதத்துக்குக் குறைவாகச் சேர்த்தாலே இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சார்ஜருக்கான மாங்கனீசு வகையில் வெப்பநிலை மாறினாலும் ஆற்றல் இழப்பு அதிகம் மாறாமல் வைத்திருக்க இந்தத் தந்திரம் உதவுகிறது. நிக்கல் வகையில் கோபால்ட் உயர் அலைவெண் இழப்பைக் குறைக்கும். ஆனால் அப்படிப்பட்ட சில கலவைகள்மேல் பலமான காந்தத்தை ஒருமுறை காட்டினாலே குணம் நிரந்தரமாக மாறிவிடும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

செம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நிக்கல்-துத்தநாகத்தோடு செம்பு சேர்ந்தால் 900 டிகிரி வாக்கிலேயே பீங்கான் இறுகிவிடும். வெள்ளி உருகுவது 961இல். ஆகவே வெள்ளிக் கம்பித்தடத்தை உள்ளே வைத்தே சேர்த்துச் சுடலாம். கைப்பேசிக்குள் இருக்கும் அரிசிமணியைவிடச் சின்ன அடுக்குச் சுருள்கள் இப்படித்தான் பிறக்கின்றன. மாங்கனீசு வகைக்கு இந்தச் சலுகை கிடையாது. அதைச் சுடும்போதும் ஆற்றும்போதும் சூளைக்குள் ஆக்சிஜன் அளவைக் கவனமாகக் கட்டுப்படுத்த வேண்டும். நிக்கலைச் சாதாரணக் காற்றிலேயே சுடலாம். இருந்தும் நிக்கலின் விலை அதிகம் என்பதால், இரண்டும் பொருந்தும் இடத்தில் மாங்கனீசையே எடுப்பேன்.

காந்தமே இல்லாத துத்தநாக ஆக்சைடில் மாங்கனீசு, கோபால்ட் என்று கொஞ்சம் தூவி அதைக் காந்தமாக்கும் இன்னொரு பாதையும் இருக்கிறது. 2000க்குப் பிறகு உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதில் இறங்கின. இங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு உலோகத்தையே விட்டுவிட்டுக் கார்பனைச் சேர்த்து, அறை வெப்பத்தில் காந்தத்தன்மை கிடைத்ததாக 2007இல் எழுதியது. உலோகம் கலந்த மாதிரிகளில் பலவற்றில் தெரிந்த காந்தம், கரையாமல் திரண்டு நின்ற உலோகத் துணுக்குகளின் வேலையாக இருக்கலாம் என்ற சர்ச்சை நெடுநாள் ஓடியது. ஆய்வுக்கு அருமையான களம்தான். சர்க்யூட்டுக்கு வளையம் தேடுகிறவர் மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. கடையில் பெயர் தெரியாத கறுப்பு வளையத்தைக் கொடுத்தால் கலவை எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் மீட்டரை எடுங்கள்.