தேயிலை ஃபாக்டரி சர்வரில் பேக்கப்புக்குக் கடிவாளம்: இரண்டு வருட அனுபவம்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். நாலு கோர் (சிபியுவில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள பழைய சர்வர், உபுண்டு லினக்ஸ், பேக்கப் எடுக்க ரெஸ்டிக் என்ற மென்பொருள். மென்பொருளில் குறை இல்லை, ஆனால் விட்டால் நாலு கோரையும் அள்ளிக்கொள்ளும். கோப்பைத் துண்டாக்குவது, துண்டுக்கு அடையாள எண் (ஹாஷ்) போடுவது, சுருக்குவது, என்கிரிப்ட் செய்வது என எல்லாமே சிபியு தின்னும் வேலை.

இலை மூட்டைகள் பிக்கப்பில் வந்து இறங்குவதும் சாயங்காலம் ஏழு மணி, பேக்கப்பும் ஏழு மணி. ராத்திரிக்குத் தள்ளலாம்தான், ஆனால் மழைக்காலத்தில் எங்காவது கற்பூர மரம் சாய்ந்து கரண்ட் போனால் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? அதனால் ஏழு மணிக்கே ஓடும், அதே சர்வரில் எடை போட்டு ரசீது அடிக்கப் போனால் திரை அப்படியே நிற்கும். "அண்ணா, வண்டிக்காரர் கத்துறார், அதை நிறுத்துங்க" என்று ஆபீஸ் தம்பி போன் போடுவான்.

முதலில் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) பேக்கப்புக்கு நைஸ் 19 போட்டேன், அதாவது மற்றவற்றுக்கு வழிவிடச் சொல்லும் மிகக் குறைந்த முன்னுரிமை, ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, லினக்ஸில் ஆட்டோகுரூப் (ஓடும் புரொசஸ்களை செஷன் வாரியாகக் குழுவாக்கும் வசதி) இயங்கும்போது நைஸ் எண் அதே செஷனுக்குள் இருக்கும் புரொசஸ்களுக்கு இடையேதான் செல்லுபடியாகும். கிரான் வேலை தனி செஷன், ரசீதுக்கான டேட்டாபேஸ் தனி செஷன், பிறகு யார் யாருக்கு வழிவிடுவது? சிபியுலிமிட் என்ற கருவியையும் பார்த்தேன். அது புரொசஸை நிறுத்தி நிறுத்தி ஓட்டும் முறை, எனக்குப் பிடிக்கவில்லை.

சரி என்று பேக்கப்பை சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் அமைப்பு) சர்வீஸாக மாற்றி, சிபியு உச்சவரம்பான சிபியுகோட்டாவை 25% கொடுத்தேன். இங்கேதான் நான் முட்டாளானேன். அது மொத்த சர்வரில் கால்பங்கு இல்லை, ஒரே ஒரு கோரில் கால்பங்கு! முன்பு நாற்பது நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த பேக்கப், மறுநாள் காலை ஐந்து மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு வைத்திருந்த ப்ரூன் (தேவையற்ற பழைய தரவை நீக்கும் வேலை), ரெப்பாசிட்டரி, அதாவது பேக்கப் சேமிப்பிடம், பூட்டியிருக்கிறது என்று திரும்பிவிட்டது. இவ்வளவு இறுக்குவதற்குப் பேசாமல் விட்டிருக்கலாம்.

இப்போது இருப்பது கோட்டா 150%, சிபியுவெயிட் (போட்டி வரும்போது கிடைக்கும் பங்கு) 20 (இயல்பாக 100), கோமேக்ஸ்ப்ராக்ஸ் (ரெஸ்டிக் ஒரே நேரத்தில் எத்தனை கோரில் ஓடலாம் என்பது) 2. ரெஸ்டிக் சுருக்கத்தை மேக்ஸில் (அதிகபட்சம்) வைத்திருந்தேன், ஆட்டோவுக்கு இறக்கினேன். ஒன்றரை மணி நேரம் ஆகிறது, ரசீது நிற்பதில்லை. உண்மையில் வேலை செய்வது வெயிட்தான், ஏனென்றால் டேட்டாபேஸ் கேட்டால்தான் அது பேக்கப்பைப் பின்னே தள்ளும், யாரும் கேட்காவிட்டால் தடுக்காது. கோட்டாவை விட்டுவைத்திருப்பது யுபிஎஸ்ஸுக்காக, நாலு கோரும் முழு வேகத்தில் ஓடினால் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

போன மாதம் பழைய ஸ்கேன் கோப்புகளை மொத்தமாகச் சேர்த்தபோது மட்டும் கோட்டா இடைஞ்சலாக இருந்தது. சிஸ்டம்டியின் சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ராப்பர்ட்டி கட்டளையில் ரன்டைம் (தற்காலிக மாற்றம்) என்று சேர்த்து, பேக்கப்பை நிறுத்தாமலேயே ஞாயிற்றுக்கிழமை கோட்டாவை 400% ஆக்கினேன். அன்றைக்கு இலை வரவில்லை, தம்பியும் போன் போடவில்லை.